ஆமையைக் குளத்தில் விடாதீர்கள்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருப் பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தவன். முகமெல்லாம் பூரிப்பு.

"பெரியம்மா, நாலுவழிச் சாலை ஓரத்துல ஒரு ஆமை வெயில்ல கெடந்து காஞ்சிட்டு இருந்துச்சு. நான் பாக்கலேன்னா செத்தே போயிருக்கும். தூக்கிட்டு வந்து கோயில் தெப்பத்துல விட்டுட்டேன்."

"மேல மஞ்சக் கோடு கோடா இருந்துச்சாய்யா?"

"ஆமா பெரியம்மா. நட்சத்திரம் போட்ட மாதிரி."

செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடினேன். தெப்பத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. நீச்சல் தெரிந்த நான்கு பையன்கள் இறங்கினார்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை ஒருவர் கொண்டு வந்தார். இருட்டும் வரை தேடினோம், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வடக்குப் படித்துறையில் அது மிதந்தது.

அந்தப் பையன் அழுதான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆமை என்றால் தண்ணீரில் வாழ்வது என்றுதான் அவனுடைய பாடப் புத்தகப் படமும் கோயில் குளமும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தன. குளத்து ஆமைக்கு விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும், துடுப்புப்போல வலிக்கலாம். நட்சத்திர ஆமையின் காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யானைக் கால். குட்டையாய், தூண்போல, செதில் மூடி, தரையில் ஊன்றி நடப்பதற்கென்றே ஆனது. தலைக்கு மேலே தண்ணீர் போனால் கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்துவிடும். நுரையீரலால் மூச்சு விடும் பிராணி அது. நம்மைப்போலவே மூழ்கிச் சாகும்.

நான் கால்நடை ஆய்வாளராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது, வளர்ந்தது, இப்போது இருப்பது எல்லாம் நாங்குநேரி வட்டாரத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில். மேற்கே மலை தெரியும். அந்த மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் மேலேயே இறக்கிக்கொண்டு எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் எங்கள் மழை. மிச்ச மாதங்களில் உடைமரமும் இலந்தையும் சூரையும் கொழுக்கட்டைப் புல்லும் சப்பாத்திக் கள்ளியும் நிற்கிற பொட்டல். இந்தப் பொட்டலைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் "இங்கே என்ன இருக்கு?" என்று கேட்பதை நான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில்களில் ஒன்று இந்த ஆமை.

சின்ன வயதில் ஆச்சியோடு ஆடு மேய்க்கப் போவேன். எட்டு வயது இருக்கும். புல்லுக்குள் ஒரு ஆமையைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கிய மறுகணம் என் பாவாடை நனைந்தது. கூட வந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. கம்பை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, கீழ வையி! கோடைக்குன்னு வச்சிருந்த தண்ணிய கொட்ட வச்சிட்டியே. இனி அது எங்கிட்டுப் போயி குடிக்கும்?"

கையெழுத்துப் போடத் தெரியாத என் ஆச்சி சொன்னதன் முழு அர்த்தம், கால்நடைத் துறையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நமக்கும் உடம்புக் கழிவு யூரியாவாகப் போகிறது. அது தண்ணீரில் கரைந்துதான் வெளியேற முடியும். அதனால் தண்ணீர் கிடைக்காத நாளிலும் நாம் தண்ணீரைச் செலவழித்தே ஆக வேண்டும். வறண்ட நிலத்து ஆமைக்கு அந்தக் கட்டாயம் குறைவு. அதன் கழிவில் பெரும்பகுதி யூரிக் அமிலம். சுண்ணாம்புக் குழம்புபோல வெள்ளையாய், கெட்டியாய்ப் பிரிந்துவிடும். அதைத் தள்ள ஒரு துளி ஈரம் போதும். மீதித் தண்ணீர் மூத்திரப் பையிலேயே தங்கும். நமக்கு அந்தப் பை கழிவு சேரும் இடம், ஆமைக்கு அது குடமும்கூட. உடம்பில் ஈரம் குறையும்போது பையின் சுவர் வழியே தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் வாழும் ஆமைகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பாலைவனத்துக்குப் போகும் மக்களுக்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கையே, ஆமையைத் தூக்காதீர்கள் என்பதுதான். பயந்து குடத்தைக் கவிழ்த்துவிட்டால், அடுத்த மழை வரை அது தாக்குப்பிடிக்காமல் போகலாம். என் ஆச்சி மொஹாவியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். ஆடு மேய்த்த அறுபது வருஷமும் அவளுக்கு இதைக் காட்டியிருந்தது.

ஓய்வு பெற்றபின், வீட்டுக்குக் கிழக்கே இருந்த பொட்டலில் தினமும் காலையில் நடப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். அங்கே ஒரு பெண் ஆமையை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பார்த்து வந்தேன். ஓட்டின் பின்விளிம்பில் அரிவாள் பட்டதுபோல ஒரு பிளவு. அதனால் எனக்கு அவள் வெட்டுக்காரி. ஒருநாளும் நான் அவளைத் தூக்கியதில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன், வந்து நோட்டில் எழுதுவேன்.

வறட்சியைத் தாங்குகிற பிராணி என்று இந்த ஆமையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். வெட்டுக்காரியைப் பார்த்த எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகப் படவில்லை. தாங்குவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது. அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. ஈரம் எந்த இடத்தில், எந்த வேளையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு பெரிய பொட்டலில் ஈரம் இருக்கிற பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு இடையேதான் அவள் வாழ்க்கை நடந்தது.

மாசி, பங்குனியில் விடியும்போது புல்லில் கொஞ்சம் பனி இருக்கும். அந்த நேரத்தில் வெளியே வந்துவிடுவாள். புல் நுனி, தரையில் படர்ந்த கொடி, உதிர்ந்த இலந்தைப் பழம், கள்ளியின் சதை என்று அலைந்து மேய்வாள். வெயில் சுள்ளென்று ஏறும் முன்பே சூரைப் புதருக்குள் போய்விடுவாள். அந்தப் புதரின் தூரில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, முன்பாதி உடம்பைச் செருகிக்கொள்வாள். நான் ஒருநாள் அந்த இடத்தில் அவள் இல்லாதபோது கையை வைத்துப் பார்த்தேன். வெளியே கால் வைக்க முடியாத சூட்டில் மண் தகித்துக்கொண்டிருந்தது. புதரின் தூரில், சருகுக்கு அடியில், மண் குளிர்ச்சியாக இருந்தது. விரலில் லேசாக ஒட்டியது. சாயங்காலம் நிழல் நீண்டபின் மறுபடியும் ஒருமுறை வருவாள்.

அக்கினி நட்சத்திர நாட்களில் அதுவும் இல்லை. வாரக்கணக்கில் அதே புதரை விட்டு அசையமாட்டாள். தலையும் காலும் உள்ளே, உடம்பின் வேலைகள் எல்லாம் மிகக் குறைவு. நம்மைப் போன்ற சூட்டு ரத்தப் பிராணிக்கு உடம்பு வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கவே ஓயாமல் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும். ஆமை அந்தச் செலவைச் செய்வதே இல்லை. ஒரு வெள்ளாட்டுக் குட்டி ஒரு நாளில் தின்பதை வைத்துக்கொண்டு வெட்டுக்காரி எத்தனை நாள் ஓட்டியிருப்பாள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கோடை மழை ஒன்று விழுந்தால் போதும். மண் வாசனை கிளம்பிய கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ வந்துவிடுவாள். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரில் முகத்தை வைத்தால் நெடுநேரம் எடுக்கமாட்டாள். காலியான குடம் அப்போதுதான் நிறைகிறது. மழைக்காலம் முழுக்கப் பகலெல்லாம் நடமாட்டம். இணை சேர்வதும் அந்த நாட்களில்தான். ஆண் அவளைவிடச் சிறியது, வால் மட்டும் நீளம்.

அவள் முட்டையிட்டதை ஒரே ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைத்தது. மழை விட்டு மண் இறுகத் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். எங்கள் செம்மண் காய்ந்தால் கடப்பாரை பாய யோசிக்கும். அவள் பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பறித்தாள். மண் இளகவில்லை. அப்போது தன் மூத்திரத்தை அந்த இடத்தில் விட்டாள். மண் ஊறியது. மறுபடி பறித்தாள், மறுபடி நனைத்தாள். மாதக்கணக்கில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் காத்துவைத்த தண்ணீரை அந்த ஒரு வேலைக்காக அவள் செலவழித்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. குடுவைபோல ஒரு குழி, நான்கு முட்டை. பிறகு மண்ணை இழுத்து மூடி, அடிவயிற்று ஓட்டால் தட்டித் தட்டி மட்டமாக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். காலையில் போய்ப் பார்த்தால் எனக்கே இடம் தெரியவில்லை. கீரிக்கும் நரிக்கும் உடும்புக்கும் மட்டும் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

முட்டை பொரிய மூன்று நான்கு மாதமாகும், சில வேளை அதற்கு மேலும். அதற்குள் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மண்ணின் சூடு. சூடு கூடினால் பெண், சற்றுக் குறைந்தால் ஆண். முட்டைக்கு மேலே இருக்கும் மண் வெயிலில் எவ்வளவு காய்கிறது, எவ்வளவு நேரம் நிழலில் இருக்கிறது என்பதெல்லாம் அடுத்த தலைமுறையைத் தீர்மானிக்கும் கணக்குகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஓட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கதிர்கள் இறங்கும். கையில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும் இந்தக் கோலம், காய்ந்த புல்லும் அதன் நிழலும் விழுந்த தரையில் வைத்தால் காணாமல் போய்விடும். பத்தடி தூரத்தில் வெட்டுக்காரியைத் தேடி நான் கண் வலிக்க நின்ற நாட்கள் உண்டு. குட்டிக்கு இந்த நட்சத்திரம் முழுசாக இருக்காது, வளர வளரக் கதிர்கள் கூடும்.

அந்த ஓட்டின் வடிவமும் சாதாரணமானதல்ல. 2006-இல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் டொமோகோஷ், பீட்டர் வார்கொன்யி என்ற இரண்டு அறிஞர்கள், எப்படிப் போட்டாலும் தானாக உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்கும் ஒரு திண்ம வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். கோம்போட்ஸ் என்று அதற்குப் பெயர். உள்ளே கனம் ஏதும் ஒளித்து வைக்காமல், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்கிற வேலையை வடிவத்தாலேயே செய்வது. கண்டுபிடித்த பிறகு அவர்கள் ஆமைகளை எடுத்து அளந்து பார்த்தார்கள். அந்த வடிவத்துக்கு மிக நெருக்கமாக வந்த ஓடுகளில் ஒன்று நம் நட்சத்திர ஆமையினுடையது. கல்லும் மேடும் நிறைந்த தரையில் சறுக்கிக் கவிழ்ந்து, வெயிலில் வயிறு தெரியக் கிடந்தால் சிறிது நேரத்தில் சாவுதான். உயர்ந்து குவிந்த ஓடு அப்படிக் கிடக்க விடாமல் உருட்டிவிடும். காலையும் கழுத்தையும் கொஞ்சம் உதைத்தால் போதும். புடாபெஸ்டில் கணக்குப் போட்டுக் கண்டதை எங்கள் பொட்டலில் இந்த ஆமை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறது.

இவ்வளவையும் நான் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஆமையின் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு ஏற்பாடும் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்கானது. அந்த நிலத்திலிருந்து அதை எடுத்துவிட்டால், அல்லது அந்த நிலத்தையே வேறாக மாற்றிவிட்டால், அதைக் காப்பாற்றிய ஏற்பாடுகளே அதைக் கொல்லும். பையனின் இரக்கத்தால் ஒன்று செத்தது. வேறு இரண்டு வழிகளில் நாம் ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கிறோம்.

முதல் வழி, வீட்டில் வளர்ப்பது. நான் பணியில் இருந்தபோது, பக்கத்து நகரம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் ஆமையைக் கொண்டு வந்தது. அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ சொல்லி வாங்கியிருந்தார்கள். பால் சோறும் பிரெட்டும் முட்டைக்கோசும் போட்டு, வெயில் படாமல், ஓட்டில் எண்ணெய் தடவி "நல்லா" வளர்த்திருந்தார்கள். ஓட்டை அழுத்திப் பார்த்தேன். வெந்த பனங்கிழங்குபோல விரல் அமுங்கியது. வெயில் இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லை. பொட்டலில் இது புல்லோடு நத்தை ஓட்டையும் செத்த பிராணியின் எலும்பையும்கூடக் கடித்துத் தின்று தன் ஓட்டைக் கட்டும். தொட்டியில் எங்கே போகும்? அந்த வீட்டுக் குழந்தை அதன் தலையைத் தடவிக்கொண்டே நின்றது. நான்கு நாளில் ஆமை செத்தது.

நம் ஊரில் ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. ஆமைமேல் பழி போடும் பேச்சு என்று இளவயதில் எனக்கு அதன்மேல் கோபம். இன்று அந்தப் பழமொழிக்கு நன்றி சொல்கிறேன். எத்தனையோ தலைமுறையாக எங்கள் பக்கத்து ஆமைகளை வீட்டுக்குள் கொண்டு வராமல் காத்தது அதுதான். பண்ணையாட்கள் வழியில் ஆமையைப் பார்த்தால் ஒதுங்கிப் போனார்கள். இப்போது அதே ஊர்களில், ஆமை வைத்தால் செல்வம் சேரும் என்ற வெளியூர் நம்பிக்கை வந்து பழையதைத் துடைத்துவிட்டது. வள்ளுவர் ஐம்புலனடக்கத்துக்கு உவமையாக எடுத்துக்காட்டிய பிராணியை நாம் அலங்காரத் தொட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

இந்தியாவின் வடமேற்கில் குஜராத், ராஜஸ்தான் பக்கமும், தெற்கே ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாட்டு வறண்ட நிலங்களிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இந்த இனம் காட்டில் வாழ்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்துக்காக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. வெட்டுக்காரி வருஷத்துக்கு இட்டது சில முட்டைகள், அதில் பிழைப்பது எத்தனை என்று நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கொடூரம் விளங்கும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணியில் சுற்றி அடுக்கிய ஆமைகள் பிடிபட்ட செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அழியும் உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019-இல் ஜெனீவாவில் நடந்தபோது, இந்தியா உள்ளிட்ட நாடுகள் முன்மொழிந்து, இந்த ஆமையின் உலக வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை வந்தது. உள்நாட்டிலும் 2022-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபின் இது முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்தால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வீட்டில் ஆசைக்கு வளர்க்கிறோம் என்று சொன்னாலும் சட்டம் அதுதான்.

பிடிபட்டவற்றைத் திரும்பக் காட்டில் விட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வடமேற்கு ஆமையும் தெற்கு ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. எந்தப் பொட்டலில் பிடித்தது என்று கடத்தல்காரன் எழுதி வைப்பதில்லை. பெட்டியில் நெருக்கமாகக் கிடந்து நோய் வாங்கியிருக்கும். ஈரம் இருக்கும் புதர் எது என்ற அறிவு புது இடத்தில் செல்லாது. எடுத்த இடத்தில் எடுத்ததோடு பாதி உயிர் போய்விடுகிறது.

இரண்டாவது வழி இதைவிடப் பெரியது. அதில் குற்றவாளி என்று யாரையும் பிடித்துக் கொடுக்க முடியாது.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். பருத்திக் காடு, சோளக் காடு, ஆடு மேயும் காடு. வயலுக்குப் போகிறவரும் "காட்டுக்குப் போறேன்" என்றுதான் சொல்வார். வருவாய்த் துறைக் கணக்கில் அதே இடத்துக்குப் பெயர் தரிசு. வெள்ளைக்காரன் வரி போட வந்த காலத்தில், வரி தராத நிலத்தையெல்லாம் ஒரே பெயருக்குள் தள்ளினான். நாம் சுதந்திரம் வாங்கியும் அந்தப் பெயரை விடவில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்த பதிப்பின்படி நாட்டில் 5.5 கோடி ஹெக்டேருக்கு மேல் தரிசு, மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம். அதில் தரிசின் வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அடர்ந்த புதர் நிலம் ஒரு வகை, திறந்த புதர் நிலம் இன்னொரு வகை. வெட்டுக்காரியின் சூரைப் புதர், பனி விழும் புல், முட்டையிட்ட செம்மண் எல்லாம் அரசுக் கணக்கில் வீணாய்க் கிடக்கும் நிலம். வீண் என்று எழுதிவிட்டபின் அதை எதுவாக மாற்றினாலும் அது முன்னேற்றம் ஆகிவிடுகிறது. மனைக்கட்டு, கல்குவாரி, தொழிற்பேட்டை, சூரிய மின் தகடு. யாரும் தடுக்கக் காரணமே இல்லை.

2022-இல் எங்கள் கிழக்குப் பொட்டலுக்கு வந்தவர்கள் நல்லவர்கள். மரம் நடுகிற ஓர் அமைப்பு. வறண்ட இடத்தைச் சோலையாக்குகிறோம் என்று சொன்னார்கள். ஜேசிபி இரண்டு வந்து புதரையெல்லாம் வழித்துத் தள்ளியது. மழைநீர் நிற்க வேண்டும் என்று நீளநீளமாக இடுப்பளவு ஆழத்தில் குழி வெட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கன்று நட்டு, லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். கல்வெட்டுத் திறந்து, படம் எடுத்து, இனிப்புக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நான் சொல்ல முயன்றேன். "அம்மா, ஒண்ணுமில்லாத இடத்துலதானே நடுறோம்" என்றார் ஒருவர், மிகுந்த மரியாதையோடு.

அந்த மழைக்காலத்தில் குழிகளுக்குள்ளிருந்து மூன்று ஆமைகளை எடுத்து மேலே விட்டேன். செங்குத்தான பக்கத்தில் அந்தத் தூண் காலால் ஏற முடியாது. மழை பெய்தால் குழி நிறையும். நிறைந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன். கன்றுகளில் பெரும்பாலானவை இரண்டாவது கோடையில் கருகின. பிழைத்தவை வளர்ந்து நிழல் கட்டினால், அந்த நிழலின் அடியில் மண் எவ்வளவு சூடாகும், பொரியும் முட்டையில் பெண் இருக்குமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. எண்ணிப் பார்த்த ஆள் இல்லை. வெட்டுக்காரியை நான் பிறகு பார்க்கவே இல்லை. அவள் படுத்திருந்த சூரைப் புதர் இருந்த இடத்தில் இப்போது அந்தக் கல்வெட்டு இருக்கிறது.

மரம் நடுவதற்கு நான் எதிரி இல்லை. வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் குளக்கரையிலும் நடட்டும், நானே தண்ணீர் ஊற்றுகிறேன். புல்லும் புதரும் பல்லாயிரம் ஆண்டாகத் தானே நிற்கிற இடத்தை மொட்டையடித்து நடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அங்கே வாழும் உயிர்களைக் கேட்டால் மரம் வேண்டும் என்று சொல்லாது. ஆமை மட்டுமல்ல, விசிறித் தொண்டை ஓணான், கௌதாரி, குள்ளநரி, முயல், உடும்பு என்று அந்த வெயிலையும் அந்தத் திறந்த வெளியையும் நம்பி இருப்பவை எத்தனையோ. பச்சையாக இருந்தால்தான் உயிருள்ள நிலம் என்பது தண்ணீர் நிறையக் கிடைக்கும் ஊர்க்காரர்களின் கண். எங்கள் நிலத்தின் நிறம் வருஷத்தில் எட்டு மாதம் வைக்கோல் நிறம்தான். அந்த எட்டு மாதமும் அது உயிரோடுதான் இருக்கிறது.

அரசிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாவட்டந்தோறும் புதர் நிலங்களைத் தரிசுப் பட்டியலிலிருந்து பிரித்து, தனி வாழ்விடமாகக் கணக்கில் ஏற்றுங்கள். ஒரு திட்டத்துக்கு அப்படிப்பட்ட நிலத்தைக் கொடுக்கும் முன்பு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே என்ன உயிர் இருக்கிறது என்று பார்க்க ஆள் அனுப்புங்கள். ஆடு மேய்ப்பவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஜேசிபி போகும் இடத்தில் அதிகாரி பார்க்காத ஆமையை அவர்கள் பார்ப்பார்கள். குழி வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு பக்கத்தையாவது சரிவாக வெட்டுங்கள். இதற்குத் தனியாக நிதி வேண்டியதில்லை.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. சாலையில் நட்சத்திர ஆமையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, அது கடந்து போகும் வரை பின்னால் வரும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்துங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். ஆபத்து அதிகம், தூக்கித்தான் தீர வேண்டும் என்றால், இரண்டு கையாலும் தரையை ஒட்டியே எடுத்து, அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரோரம் விடுங்கள். நீங்கள் வந்த பக்கம் திருப்பி விட்டால் மறுபடியும் சாலையைக் கடக்கத்தான் வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். யாராவது விற்றால் வாங்காதீர்கள், இரக்கப்பட்டும் வாங்காதீர்கள், நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு இன்னொன்றைப் பிடித்து வருவார்கள்.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, தெப்பக்குளத்துப் படிக்கட்டு ஓரத்தில் அவனே ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறான். 'மஞ்சள் கோடு போட்ட ஆமைக்கு நீந்தத் தெரியாது. இங்கே விடாதீர்கள்.' உங்கள் ஊர்க் குளத்திலும் அப்படி ஒரு பலகை வையுங்கள்.